கிட்டங்கிக்குள் ஓர் ஓட்டு

அந்த மலையாள நகரத்தின் தமிழ்க் கடைத்தெருவான ஆரியசாலைக்காரர்களுக்கு ஒருத்தனைக் கேலி செய்ய ஒரு காரணம் கிடைத்தால் போதும், அதை வைத்தே அடுத்த தேர்தல் வரை ஓட்டிவிடுவார்கள். உச்சிமாகாளி விஷயத்தில் அப்படியே நடந்தது. காரணமும் தேர்தல்தான்.

போன மாநகராட்சித் தேர்தலன்று அவன் மிளகாய் வத்தல் லோடு இறக்கி முடித்து, மேல் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூத்துக்குப் போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அவன் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. காலையிலேயே யாரோ ஒரு உச்சிமாகாளி வந்து, கையெழுத்துப் போட்டு, விரலில் மை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருந்தான். அதிகாரி கையெழுத்தைக் காட்டினார். அது உச்சிமாகாளியின் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. அவனுக்கு அதுதான் பெரிய கேவலமாகப் போயிற்று.

டீக்கடை சொரிமுத்துவிடம் போய்ப் புலம்பினான். சொரிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். "ஒரிஜினல் உச்சிமாகாளி காலைலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாம்லே. அப்பம் நீ யாரு? டூப்ளிகேட்டு."

அன்றிலிருந்து அவன் தெருவுக்கு டூப்ளிகேட். லோடுமேன் முதல் மொத்தக்கடை முதலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முனிசிபல் தண்ணீர் நின்றால்கூட, "டூப்ளிகேட்டு, ஒனக்குள்ள தண்ணிய ஒரிஜினல் பிடிச்சிட்டுப் போயிட்டானாம்" என்பார்கள்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். லோடு வந்தாலும் சரி, சாமியே வந்தாலும் சரி, பூத் திறக்கும்போது வரிசையில் முதல் ஆள் அவன்தான். அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தான்.

சாமி வரவில்லை. கொரோனா வந்தது.

தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது பக்கத்து வீட்டு சாவித்ரி அக்காவுக்குப் பாசிட்டிவ். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பில் மூடிக்கொண்ட இரண்டு பேர் வந்து, அவளை ஒரு துணிப்பையோடு ஆம்புலன்ஸில் ஏற்றி சிகிச்சை சென்டருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வீட்டுக்கும் பைப்படி ஒன்று. உச்சிமாகாளியின் மனைவி ராஜமணி அங்கே சாவித்ரி அக்காவுடன் நின்று பேசியிருக்கிறாள். பேசப்போனவள் திரும்பி வரவில்லையே என்று இவன் போய் இரண்டு பேரோடும் சண்டை போட்டிருக்கிறான். சுகாதாரத்துறைக்குப் பேச்சும் ஒன்றுதான், சண்டையும் ஒன்றுதான். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரையும் வீட்டுக்குள் குவாரன்டைனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் பொன்செல்வியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

பொன்செல்வி அந்தத் தெருவின் வார்டு வாலன்டியர். ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள், கடை ஆட்களைக் குறைத்ததும் இதில் இறங்கினாள். அறிவிப்பெல்லாம் மலையாளத்தில் வரும். அதைத் தெருக்காரர்களுக்குப் புரிகிற தமிழில் பேசி குரூப்பில் போடுவாள். எதைச் சொல்வதாக இருந்தாலும் சோற்றில்தான் ஆரம்பிப்பாள். சோறு என்றால்தான் ஆட்கள் காது கொடுப்பார்கள் என்பது அவள் கணக்கு. சோறு முடிந்ததும் ஆட்கள் போனைக் கீழே வைத்துவிடுவார்கள் என்பதை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. குடும்பஸ்ரீ பொம்பளைங்க அடுக்களைல நாளைக்கு மத்தியானம் சோறு, சாம்பார், பயறுத் தோரன். வேணும்னா காலைல ஒம்பதுக்குள்ள பேரு சொல்லிரணும். பொறவு சொன்னா என் சோத்தத்தான் தரணும், அது நடக்காது. பிரஷர் மாத்திரை தீந்தவங்க மாத்திரை அட்டையப் போட்டோ எடுத்து அனுப்புங்க. மூஞ்சியப் போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, ஒருத்தர் அனுப்பியிருக்காரு. அடுத்தது ஓட்டு. குவாரன்டைன்ல இருக்கவங்க யாரும் பூத்துக்குப் போவாண்டாம். ஆபீசர்மாரு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கிடுவாங்க..."

உச்சிமாகாளி அந்த இடத்தில் போனை நிறுத்திவிட்டான். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மெசேஜ் அதோடு முடியவில்லை. மிச்சத்தில் இரண்டு விஷயம் இருந்தது. வருகிற அதிகாரிகளும் ஆஸ்பத்திரிக்காரர்களைப் போல வெள்ளைக் கிட் போட்டுத்தான் வருவார்கள், பயப்பட வேண்டாம் என்பது ஒன்று. சென்டருக்குப் போனவர்களுக்கும் ஓட்டு உண்டு, அது அங்கேயே தேடி வரும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கேட்டிருந்தால் அவனுக்கு ஒரு பகல் மிச்சமாகியிருக்கும்.

அவன் கேட்கவில்லை. பொன்செல்விக்கு நேரே போன் போட்டான்.

"ஏட்டி, ஓட்டு வீட்டுக்கு வருமா? என்ன, பால் பாக்கெட்டா?"

"ஆமா சித்தப்பா. நீங்க சும்மா இருந்தாப் போதும்."

"பெட்டி கொண்டாருவாவளா?"

"கவரு கொண்டாருவாங்க. உள்ள சீட்டு இருக்கும். அடையாளம் போட்டு ஒட்டிக் குடுக்கணும்."

"கவரா! பூத்துல போலீசு நிக்கையிலேயே என் ஓட்ட எவனோ கொண்டுபோனான். கவர்ல போட்டுக் குடுத்தா சும்மா விடுவானா? நான் பூத்துக்குத்தான் போவேன்."

"போனாத் திருப்பி விட்டுருவாங்க. பட்டியல்ல உங்க பேருக்கு நேரா ஸ்பெஷல்னு மார்க் பண்ணியாச்சு."

"மறுபடியும் எம் பேருக்கு நேரா வேற எவனோ எழுதியாச்சா?"

"எவனோ இல்ல சித்தப்பா, கவர்மென்டு."

"மையாவது வைப்பாவளா?"

"இதுக்கு மை கெடையாது."

உச்சிமாகாளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பெட்டி கிடையாது, வரிசை கிடையாது, மை கிடையாது. இது என்ன ஓட்டு, மேளம் இல்லாத கல்யாணம் மாதிரி. ஆனாலும் வேறு வழியில்லை. ஆபீசர் வருகிறவரை வாசலை விட்டு நகர்வதில்லை என்று தீர்மானித்தான். அவன் மனசில் ஆபீசர் என்றால் கண்ணாடி போட்டிருப்பார், சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும், கக்கத்தில் பை இருக்கும். முழுக்கைச் சட்டை நிச்சயம்.

மறுநாள் மத்தியானச் சோறு இறங்கிய நேரத்தில் தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சொரிமுத்து எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏ டூப்ளிகேட்டு! வெள்ள உடுப்பு வந்துட்டு! ஒன் வீட்டத்தான் கேக்காவ!"

உச்சிமாகாளி ஜன்னல் இடுக்கில் பார்த்தான். சாவித்ரி அக்காவைக் கொண்டுபோன அதே உடுப்பு. சட்டென்று ஜன்னலை விட்டு விலகினான். நோய்க்கு அவன் பயப்படவில்லை. இப்போது சென்டருக்குக் கொண்டுபோய்விட்டால், நாளையோ மறுநாளோ ஆபீசர் கவரோடு வருவார். பூட்டிய வீட்டைப் பார்ப்பார். எங்கிருந்தோ ஒரிஜினல் வந்து, அழகாகக் கையெழுத்துப் போட்டு, கவரை வாங்கிக்கொண்டு போவான். இன்னும் அஞ்சு வருஷம் டூப்ளிகேட்.

"நான் இல்லன்னு சொல்லு" என்றான் ராஜமணியிடம்.

"எங்கன்னு கேட்டா?"

"செத்துட்டேன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னாத்தான் கண்டிப்பா உள்ள வந்து பாப்பாவ."

புறவாசல் வழியாக இறங்கி, பைப்படியைத் தாண்டி, பின்னால் மூட்டைகள் அடைத்து வைக்கிற வத்தல் கிட்டங்கியின் பலகைக் கதவைத் தள்ளி உள்ளே புகுந்துவிட்டான். அந்தக் கதவின் கொண்டி சரியில்லை என்பது அங்கே மூட்டை அடுக்குகிற அவனுக்குத்தான் தெரியும். போன் சார்ஜரில் கிடந்தது. மாஸ்க் ஆணியில் தொங்கியது. வத்தல் கிட்டங்கிக்குள் போகும்போது லோடுமேன்கள் எல்லோரும் ஈரத்துண்டை மூக்கில் கட்டுவார்கள். துண்டு கொடியில் கிடந்தது.

குண்டூர் வத்தல், புது லோடு. தகரக்கூரைக்குக் கீழே கிட்டங்கி வறுசட்டி மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. முதல் தும்மலை உள்ளங்கையில் பிடித்துவிட்டான். இரண்டாவதை முழங்கையில் அமுக்கினான். மூன்றாவது தகரத்தில் பட்டு எதிரொலித்தது. அதற்குப் பிறகு அவன் தும்மவில்லை, தும்மல்தான் அவனைத் தும்மிக்கொண்டிருந்தது.

கடை அடைத்துக் கிடந்த தெருவில் அந்தச் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டது. முன்பக்க ஷட்டரில் பூட்டு, உள்ளே தும்மல். மாடிகளில் தலைகள் முளைத்தன.

"எக்கா, கிட்டங்கி தும்முது!" என்றான் சொரிமுத்து.

"பூனையா இருக்கும்" என்றது எதிர்மாடி.

"பூனை தும்மிட்டு 'ஏ அம்மா'ன்னு சொல்லுமா?"

அடுத்த தும்மலோடு அது பூனை இல்லை என்று தெருவே ஒத்துக்கொண்டது. பொன்செல்வி மின்கம்பத்தில் ஒட்டி வைத்திருந்த உதவி எண்ணுக்கு சொரிமுத்து போன் போட்டான். அவன் வாழ்நாளில் உருப்படியாகச் செய்த பொதுச்சேவை அது ஒன்றுதான், அதுவும் தப்பான நேரத்தில். ஆம்புலன்ஸ் பக்கத்துத் தெருவில்தான் இருந்திருக்கிறது. வந்துவிட்டது. அதிலிருந்து இறங்கியவன் வினீத், இளவட்டம், அவனும் தலை முதல் கால் வரை வெள்ளை.

தும்மல் கேட்டுப் பொன்செல்வியும் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் ஜீப்பில் வந்திருந்த தேர்தல் அதிகாரி ஸ்ரீகண்டன், கையில் கவரோடு. அவர்தான் அவ்வளவு நேரமும் உச்சிமாகாளி வீட்டு வாசலில் நின்றவர். அவருக்கு இன்னும் கிழக்கேகோட்டைப் பக்கம் வீடுகள் பாக்கி. கிட்டுக்குள் வியர்வை கணுக்கால் வரை இறங்கிவிட்டது. கிளம்பலாம் என்று இருந்தவரைப் பொன்செல்விதான் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"சித்தப்பா, வெளிய வாங்க" என்றாள் ஷட்டரைத் தட்டி.

"வர மாட்டேன். ஹச்! என்னைக் கொண்டுபோவாவ."

"ஒருத்தரு எலக்ஷன் ஆபீசரு, இன்னொருத்தரு ஆம்புலன்ஸு. உங்க ஓட்டுதான் வந்திருக்கு."

உள்ளே தும்மல் நின்றது. உச்சிமாகாளி ஷட்டருக்குக் கீழே இருந்த சந்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். இரண்டு வெள்ளை உடுப்பு. இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று ஓட்டாம், ஒன்று ஆம்புலன்ஸ் என்கிறாள். எது எது?

"ஆபீசர்னா கார்டு இருக்கும்லா. காட்டச் சொல்லு."

"சேட்டா, கார்டு கிட்டினுள்ளிலா" என்றார் ஸ்ரீகண்டன். "ஸிப்பு திறக்கான் பற்றில்ல."

"கார்டு உள்ள மாட்டிக்கிட்டாம். நல்ல கதை. போன தடவை என் ஓட்டக் கொண்டுபோனவன்கூட இப்படிச் சொல்லல."

"சேட்டா, ஆத்யம் புறத்து வரு, டெம்பரேச்சர் நோக்கட்டே" என்றான் வினீத் இன்னொரு பக்கத்தில், முதலில் வெளியே வந்து காய்ச்சல் பார்க்க வேண்டுமாம்.

"பாத்தியா! பாத்தியா! ரெண்டு பேரும் ஒரே கூட்டம்தாம்!"

சொரிமுத்து மாடியிலிருந்து யோசனை சொன்னான். "சீட்ட ஷட்டருக்கு அடில தள்ளுங்க சார். போட்டுட்டு வெளிய தள்ளுவான்."

"முகம் காணணும். ஆள் அது தன்னெயோ எந்நு நோக்கணும்" என்றார் ஸ்ரீகண்டன் அலுப்போடு. இந்த ஒரு வாக்கியம்தான் உச்சிமாகாளியை உலுக்கியது. போன தடவை ஒருத்தரும் அப்படிப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்கிற முதல் ஆள் இவர்தான். ஆனால் நம்பி வெளியே போய், அந்த இன்னொரு வெள்ளை உடுப்பு பிடித்துக்கொண்டால்?

பொன்செல்விக்குப் பொறுமை போய்விட்டது. போனை எடுத்து, நேற்றைய மெசேஜைப் பாதியிலிருந்து ஓடவிட்டு, ஷட்டருக்கு அடியில் வைத்தாள்.

"இப்பமாவது சோத்துக்குப் பொறவு உள்ளதக் கேளுங்க!"

கிட்டங்கிக்குள்ளே அவள் குரல் கேட்டது. வெள்ளைக் கிட் போட்டு வருவாங்க, பயப்படாதீங்க. சென்டருக்குப் போனாலும் ஓட்டு உண்டு, அங்கேயே தேடி வரும். பாசிட்டிவ் ஆனாலும் ஓட்டு உண்டு. யாரு ஓட்டும் எங்கயும் போகாது.

பிறகு ஒரு பெரிய தும்மல்.

"அப்பம் நான் எதுக்குட்டி இதுக்குள்ள கெடக்கேன்?"

"அதத்தான் தெருவே கேக்கு."

பலகைக் கதவு வழியாக உச்சிமாகாளி வெளியே வந்தான். முகம் குண்டூர் வத்தலைவிடச் சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், தொண்டை கட்டிவிட்டது. வினீத் இரண்டு எட்டுப் பின்னால் போனான். பிறகு கையை நீட்டி நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியைப் பிடித்தான். தகரத்துக்குக் கீழே வெந்தவன் நெற்றி சூடாக இல்லாமல் எப்படி இருக்கும்? கருவி கத்தியது.

"ஃபீவர் உண்டு. கொண்டு போணும்" என்றான் வினீத்.

"ஓட்டு கழிஞ்ஞிட்டு" என்றார் ஸ்ரீகண்டன், ஓட்டு முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று.

"சாரே, சிம்ப்டம்ஸ் ஒக்க உண்டு."

"சிம்ப்டம்ஸ் உள்ளவர்க்கும் ஓட்டுண்டு, மோனே. அதினல்லே ஞான் ஈ சாக்கினகத்து வெந்து நிக்குந்நது?"

அதற்காகத்தானே இந்தச் சாக்குக்குள் வெந்து நிற்கிறேன் என்று அவர் கேட்டதும் சொரிமுத்துவின் கைதட்டல் மாடியில் கேட்டது. உச்சிமாகாளிக்கு ஸ்ரீகண்டனின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. தொடக் கூடாது என்பதால் தள்ளி நின்றே கும்பிட்டான்.

பொன்செல்வி அவன் வீட்டிலிருந்து மாஸ்க்கும் அடையாள அட்டையும் கொண்டுவந்தாள். ஸ்ரீகண்டன் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்கு துடச்சிட்டு காட்டு" என்றார். துடைத்துவிட்டுக் காட்டினான். "ஆள் இது தன்னெ" என்றார். தெருவில் யாரோ விசில் அடித்தார்கள்.

உறுதிமொழிப் பேப்பரில் கையெழுத்து. இதை அவன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு போட்டான். அந்தப் பழைய கையெழுத்து அவன் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் இதுவும் கோணலாகத்தான் விழுந்தது.

சீட்டைக் கொடுத்துவிட்டு ஸ்ரீகண்டன் திரும்பி நின்றார். வினீத்தும் திரும்பினான். பொன்செல்வி திரும்பி நின்று, மாடிகளைப் பார்த்து, "எல்லாரும் உள்ள போங்க, ரகசியம்!" என்று கத்தினாள். யாரும் போகவில்லை, முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார்கள்.

உச்சிமாகாளி கிட்டங்கி வாசலில் கிடந்த வெற்றுச் சாக்கின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, அதன் மேல் சீட்டை விரித்தான். மூன்று பெயர், மூன்று சின்னம் இருந்தது. குடை, மணி, ஏணி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த அஞ்சு வருஷத்தில் ஓட்டை எப்படியாவது போட வேண்டும் என்று நினைத்தானே ஒழிய, யாருக்குப் போடுவது என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

"ஏட்டி பொன்செல்வி."

"திரும்ப மாட்டேன். சொல்லுங்க."

"யாருக்குப் போட?"

மாடிகள் அதற்குத்தான் காத்திருந்தன. "குடை! மழைக்கு ஆகும்!" "ஏணி, ஏணி!" "மணி அடி அண்ணாச்சி!" பொன்செல்வி ஒரு செருப்பைக் கையில் எடுத்ததும் அடங்கினார்கள்.

"அத நான் சொல்லக் கூடாது சித்தப்பா. சோறு எங்க கெடைக்கும்னு கேளுங்க, சொல்லுதேன். மாத்திரை கேளுங்க, சொல்லுதேன். இத மட்டும் கேக்காதீங்க."

அவன் யோசித்தான். மூன்று பேருடைய ஆட்களும் ஓடை கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று கூட்டமும் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொன்னது. குடைக்காரர்கள் மாஸ்க் கொடுத்தார்கள், அது காது வரைக்கும் எட்டவில்லை. மணிக்காரர்கள் ஓமியோ மருந்து கொடுத்தார்கள், இனிப்பாக இருந்தது. ஏணி வேட்பாளர் ஓமனா ஒரு தடவை மழையில் வந்து ஓடைக்குள் கால் விட்டுவிட்டாள். அந்தக் காலோடு தெரு முழுக்க நடந்து, வீடு வீடாக நின்று பேசினாள். வேண்டும் என்று விட்டிருக்க மாட்டாள். ஆனாலும் ஓடை எவ்வளவு ஆழம் என்பது அந்த மூன்று பேரில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

"சேட்டா, ஞான் இப்போ வீழும்" என்றார் ஸ்ரீகண்டன், திரும்பாமல்.

உச்சிமாகாளி அடையாளம் போட்டான். மடித்தான். சின்னக் கவரில் வைத்தான். ஒட்டுவதற்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டதற்குப் பொன்செல்வி, "மூக்குல இருந்து எடுத்துராதீங்க" என்று பசை நீட்டினாள். சின்னக் கவரையும் உறுதிமொழியையும் பெரிய கவரில் போட்டு ஒட்டி, இரண்டு கையாலும் கொடுத்தான். ஸ்ரீகண்டன் வாங்கிப் பைக்குள் வைத்தார். பை ஜிப் மூடுகிற வரைக்கும் இவன் கண் எடுக்கவில்லை. ஜீப் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்று பார்த்தான்.

அதற்குள் வெயில் இறங்கிவிட்டது. வினீத் மறுபடியும் நெற்றியில் துப்பாக்கியைப் பிடித்தான். சூடு போயிருந்தது. மூக்கில் குச்சியை விட்டு ஒரு டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தான், அதிலும் ஒன்றுமில்லை. "வீட்டில் கேறி இரி. இனி இறங்கியால் கேஸா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். கிட்டைக் கழற்றும்போது அவனே இரண்டு தும்மல் தும்மினான்.

வீட்டுக்குள் நுழையும்போது ராஜமணி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுட்டி! இந்தக் கையால!" என்று கையை நீட்டினான். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "ஒனக்கு எப்பம் வருவாவளாம்?"

"நீரு புறவாசல் வழியா ஓடுகையில அவ்வோ வாசல்ல நின்னாவ. நான் அப்பமே போட்டுட்டேன். ஒரு செம்புத் தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகல."

உச்சிமாகாளி சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

"யாருக்குப் போட்ட?"

"ரகசியம்னு சொன்னாவளே."

"நான் ஒன் புருஷம்டி."

"புருஷனுக்குச் சொல்லலாம்னு ஆபீசர் சொல்லல."

"அப்பம் நானும் சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கவே இல்லையே" என்றாள் ராஜமணி. தோரனைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஒற்றை அறை வீடு. குவாரன்டைன் முடிய இன்னும் ஒரு வாரம் கிடந்தது. வெளியே போக முடியாது, டீக்கடைக்குப் போக முடியாது, பேச வேறு ஆள் கிடையாது. உச்சிமாகாளி மூன்று நாள் தாக்குப் பிடித்தான். மூன்றாம் நாள் சாயங்காலம், ராஜமணி அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, அவள் கேட்காமலே, "ஏணிக்குப் போட்டேன்" என்றான்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவள் அரிசியை உலையில் போட்டாள்.

அவள் யாருக்குப் போட்டாள் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.